மணிவேளையை விசாரித்த தகப்பன்



யோவான் எழுதின சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில் ஒரு தகப்பனைக் காண்கிறோம். அவன் ராஜாவின் சேவையில் இருந்தவன், வீடு கப்பர்நகூமில். அவனுடைய மகன் ஜுரத்தினால் மரணத்தின் விளிம்பில் கிடந்தான். இயேசு கானாவுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டவுடன், ஏறக்குறைய ஒரு நாள் நடைத் தூரத்தைக் கடந்து அவன் அவரிடம் வந்தான். தன் பிள்ளை இறந்துபோவதற்கு முன்னே வரவேண்டும் என்று மன்றாடினான். கர்த்தர் ஒரு வார்த்தை சொன்னார். அவன் அதை நம்பிப் புறப்பட்டான். வழியிலே ஊழியக்காரர் எதிர்கொண்டு வந்து, பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று அறிவித்தார்கள்.

இந்தப் பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம், பிரசங்கமும் கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்குப் பின் அந்தத் தகப்பன் செய்ததை நம்மில் பலர் கவனிப்பதில்லை. மகன் பிழைத்தான் என்று கேட்டவுடன் அவன் ஒரு கேள்வி கேட்டான். எந்த மணிவேளையில் அவனுக்குச் சுகம் உண்டாயிற்று என்பதே அந்தக் கேள்வி. முந்தின நாள் ஏழாம் மணிவேளையில், அதாவது நம் கணக்கில் பகல் ஒரு மணி அளவில், ஜுரம் விட்டது என்று அறிந்துகொண்டான். இயேசு வார்த்தை சொன்ன வேளை அதுவே என்று ஒப்பிட்டுப் பார்த்தான். அதன்பின் அவனும் அவன் வீட்டார் அனைவரும் விசுவாசித்தார்கள்.

பிரியமானவர்களே, விசாரித்ததினால் அவனுடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை. வீடு முழுவதும் பரவிற்று. பிள்ளையின் ஜுரத்தைக் குறித்துக் காலதாமதமின்றி ஓடுவதும், அதைக் குறித்துத் திட்டமாய் விசாரிப்பதும் விசுவாசத்திற்கு விரோதமானவை அல்ல என்பதை இந்த வேதபகுதி நமக்குப் போதிக்கிறது. இந்தச் சத்தியத்தை மனதில் வைத்துக்கொண்டு, நம் வீடுகளில் குழந்தைகளின் இரத்தத்தில் கிருமி கலக்கும்போது அதை ஆய்வுக்கூடத்தில் விரைவாய்க் கண்டறிவதைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஹேடோவில் கற்றுக்கொண்ட கணக்கு

நான் ஊழியம் செய்யும் ஹேடோ, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரின் துறைமுகப் பகுதி. சென்னையிலிருந்து வரும் பயணிகள் கப்பல் இங்குதான் வந்து கட்டுகிறது. பாலத்திற்கு அப்பால் 1883ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சாத்தம் மர ஆலை இருக்கிறது. துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள் எனப் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கு அநேகம். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் இதை வாசிக்கிற உங்களுக்கும் இந்த வாழ்க்கை புதிதல்ல. சொந்த ஊர் தொலைவில். பாட்டி, சித்தி, அத்தை எவரும் அருகில் இல்லை. மருத்துவமனையில் பேசப்படுகிற மொழியோ வேறு.

சென்னைக்கும் ஹேடோவுக்கும் இடையே சுமார் 1200 கிலோமீட்டர் கடல். கப்பல் அதைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். பிள்ளையின் இரத்தத்தில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் பழைய முறையில் விடை கிடைக்க ஆகும் காலமும் பெரும்பாலும் இந்த மூன்று நாட்களே. சில வேளை அதற்கும் அதிகம். கிருமியோ அத்தனை நாள் பொறுத்திருப்பதில்லை.

பெயரில்லாத காய்ச்சல்

நோயின் பெயரை அறிய ஆகும் தாமதம் எத்தனை கொடியது என்பதற்கு இந்தத் தீவுகளிலேயே ஒரு சாட்சி உண்டு. 1988ஆம் ஆண்டு முதல் வட அந்தமானில் உள்ள திக்லிப்பூர் பகுதியில், மழைக்காலம் முடிகிற அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. சிலருக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது; இருமலில் இரத்தம் வந்தது; சிலர் மரித்தார்கள். என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே அதற்கு அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். அது நோயின் பெயர் அல்ல. நம்முடைய அறியாமையின் பெயர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983ஆம் ஆண்டில் போர்ட் பிளேயரில் ஒரு மண்டல ஆய்வு மையத்தை நிறுவியிருந்தது. 1993ஆம் ஆண்டில் மீண்டும் அந்தக் காய்ச்சல் பரவியபோது, அந்த மையத்தைச் சேர்ந்தவர்கள் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அது லெப்டோஸ்பைரா என்னும் கிருமியினால் வரும் நோய் என்று கண்டறிந்தார்கள். நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று சொல்லுகிறோமே, அதுதான். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து, கால் கையில் உள்ள சிறு காயத்தின் வழியே அது உடலுக்குள் நுழைகிறது. முதல் வாரத்தில் இரத்தத்தில் சஞ்சரிக்கிறது.

இதில் வேதனையான காரியம் ஒன்று உண்டு. அந்தமானில் இந்த நோய் இருக்கிறது என்பதை டெய்லர், கோய்ல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1931ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குள் அது மறக்கப்பட்டுப்போயிற்று. ஆரம்பத்திலே பென்சிலினுக்கும் டாக்சிசைக்கிளினுக்கும் அடங்கக்கூடிய நோய் அது. மருந்து உலகத்தில் இருந்தது, கடைகளிலும் இருந்தது. ஆனால் நோயின் பெயர் தெரியாததினால், எந்த மருந்தை எடுப்பது என்று தெரியவில்லை. பெயரை அறிந்துகொள்ள ஐந்து ஆண்டுகள் ஆயின. ஒரு தேசத்திற்கு ஐந்து ஆண்டுகள் செய்த தீங்கை, ஒரு வீட்டிலே ஐந்து நாட்கள் செய்துவிடக்கூடும்.

இரத்தத்திற்குள் நடப்பது என்ன?

மாம்சத்தின் உயிர் இரத்தத்தோடு பிணைந்தது என்று மோசேயின் நியாயப்பிரமாணத்தில் படித்திருக்கிறோம். அந்த இரத்தத்தில் கிருமி கலந்து பெருகும்போது, அதை எதிர்க்க எழும்பும் உடலின் பலமே கட்டுக்கடங்காமல் போய், நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதைச் செப்சிஸ் என்கிறார்கள். 2017ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இந்நிலை ஏற்பட்டது என்றும், அவர்களில் சுமார் 2 கோடிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஓராண்டில் அச்சிறு பிள்ளைகளில் சுமார் 29 லட்சம் பேர் மரித்தார்கள்.

நம் தேசத்தின் நிலை என்ன? 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒரு குழந்தைக்குச் செப்சிஸ் உண்டாயிற்று. அதிகமாய்க் காணப்பட்ட அசினெட்டோபாக்டர் என்னும் கிருமியில் ஐந்தில் நான்கு பங்கு பல மருந்துகளுக்கு அடங்காததாய் இருந்தது. வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சுமார் 24 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, மூன்று நாள் காய்ச்சல் நீடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 299 பேருக்கு டைபாய்டு உறுதியாயிற்று. நகர்ப்புறத்துப் பிள்ளைகளிடம் அது மிக அதிகமாயும், புனேயை அடுத்த கிராமப்புறத்தில் மிகக் குறைவாயும் இருந்தது. நெருக்கமான குடியிருப்பும் சுத்தமற்ற குடிநீரும் உள்ள நகரங்களுக்குப் பிழைக்க வந்திருக்கிற நாம் இதைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள்

இரத்தத்தை எடுத்தவுடன் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். தெரியாது. நோயுற்ற குழந்தையின் ஒரு மில்லி இரத்தத்தில் சில வேளை பத்துக்கும் குறைவான கிருமிகளே இருக்கும். அவற்றைக் கண்ணால் காண்பதற்கு முன் வளர்க்க வேண்டும். ஆகவே இரத்தத்தைச் சத்துள்ள திரவம் நிறைந்த புட்டியில் இட்டு, உடலின் வெப்பத்திலே வைக்கிறார்கள். இதையே இரத்த வளர்ப்புச் சோதனை, அதாவது பிளட் கல்ச்சர் என்கிறோம்.

முன்பு புட்டியை நாள்தோறும் எடுத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பல மருத்துவமனைகளில் அதற்கென்று இயந்திரம் உண்டு. கிருமி பெருகும்போது வெளிவிடும் கரியமில வாயுவைப் புட்டியின் அடியில் உள்ள ஓர் உணரி காட்டிக்கொடுக்கிறது. இரவென்றும் பகலென்றும் பாராமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயந்திரம் அதைக் கவனிக்கிறது. பெரும்பாலான கிருமிகள் முதல் ஒன்றரை நாளுக்குள் தங்களை வெளிப்படுத்திவிடும். பின்பு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். டென்மார்க் தேசத்தவரான கிராம் என்பவர் 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்தச் சாயமுறை இன்றும் ஒரு மணி நேரத்திற்குள் முதல் செய்தியைத் தருகிறது. அதன்பின் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பெயரை அறிய ஒரு நாள். எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய இன்னொரு நாள். இப்படியே மூன்று நாட்கள் கடந்துபோகின்றன.

இந்த மூன்று நாட்களைக் குறுக்குவதற்கே இன்று உலகெங்கும் முயற்சி நடக்கிறது. மால்டி-டாஃப் என்னும் கருவி, வளர்ந்த கிருமியின் புரதங்களை எடைபோட்டு, சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடுகிறது. இதற்கு அடித்தளமான கண்டுபிடிப்புக்காக ஜப்பானியரான கோய்ச்சி தனாகா 2002ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பி.சி.ஆர். என்னும் மரபணுச் சோதனையின் ஒரு வகை, கிருமி வளர்ந்த புட்டியிலிருந்து ஒரு சில மணி நேரத்திற்குள் கிருமியின் பெயரையும், மருந்தை எதிர்க்கும் சில மரபணுக்கள் அதில் உண்டா என்பதையும் காட்டுகிறது. இவையெல்லாம் விலை அதிகமான கருவிகள். செலவு குறைந்த வழியும் உண்டு. பழைய மருந்து வில்லைகளையே பயன்படுத்தி, புட்டியிலிருந்து நேராகத் தட்டில் இட்டு, 4, 6, 8 மணி நேரத்தில் எந்த மருந்து வேலை செய்யும் என்று வாசிக்கும் முறையை ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று 2018ஆம் ஆண்டில் வகுத்துக் கொடுத்தது.

கருவிகள் இருந்தும் மனிதரால் தாமதம் உண்டாவதும் உண்டு. மாலையில் எடுத்த புட்டி மறுநாள் காலை வரை மேசையில் இருந்தால், அரைநாள் போயிற்று. இரவில் இயந்திரம் ஒலி எழுப்பியும் அதைக் கேட்க ஆள் இல்லாவிட்டால், இன்னும் அரைநாள் போயிற்று. முடிவு தெரிந்தும் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லாமல் தாளில் அச்சிட்டு அனுப்பினால், மேலும் சில மணி நேரம். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிற விசுவாசிகளே, உங்கள் கைகளில் இருப்பது வெறும் புட்டி அல்ல. ஒரு தாய் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. உங்கள் வேலையும் ஓர் ஊழியமே.

ஒரு சகோதரனின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் துறைமுகத் தொழிலாளியான ஒரு சகோதரனின் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கடையில் வாங்கின மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் பிள்ளை சோர்ந்து, சாப்பாட்டைத் தள்ளினாள். எனக்குச் செய்தி வந்தது. ஜெபித்துவிட்டு, அவர்களோடு நானும் மருத்துவமனைக்குச் சென்றேன். மருத்துவர் எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்று விசாரித்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். சோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே ஊசி மருந்தையும் தொடங்கினார்.

வெளியே தாழ்வாரத்தில் அந்தச் சகோதரன் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டோம். அதற்குப் பிறகு இரத்தம் எடுத்துப் பார்ப்பது தேவனைச் சோதிப்பது ஆகாதா?" என்று கேட்டார். அவருடைய கண்களில் பயம் இருந்தது. பிள்ளையைக் குறித்த பயம் ஒன்று; தேவனைத் துக்கப்படுத்திவிட்டோமோ என்கிற பயம் மற்றொன்று. இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே நம் தேவ ஜனங்களில் எத்தனை பெற்றோர் தத்தளிக்கிறார்கள்!

நான் அவரிடம், "தம்பி, குஷ்டரோகியைச் சுகமாக்கின பிறகு கர்த்தர் அவனை எங்கே போகச் சொன்னார்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "ஆசாரியனிடத்தில்" என்றார். "எதற்காக?" "காண்பிப்பதற்காக." அதற்குமேல் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இருவரும் உள்ளே போய் அந்தத் தாயோடு சேர்ந்து மறுபடியும் ஜெபித்தோம்.

செய்தி கேட்டு, அன்றைக்கே சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலில் பிள்ளையின் பாட்டி ஏறினார்கள். பாட்டி ஹேடோவில் வந்து இறங்கின நாளும் ஆய்வுக்கூடத்தின் முடிவு வந்த நாளும் ஒன்றாக இருந்தது. டைபாய்டு என்றும், கடையில் வாங்கின மருந்து அந்தக் கிருமிக்கு ஏற்றதல்ல என்றும் தெரிந்தது. மருத்துவர் மருந்தை மாற்றினார். அதன்பின் சில நாட்களில் ஜுரம் படிப்படியாய் இறங்கிற்று. இன்று அந்தப் பிள்ளை ஞாயிறு பள்ளியில் சத்தமாய்ப் பாடுகிறாள். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி முடியவில்லை. சுகத்தை அறிக்கை செய்துவிட்டு மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசம் என்று அயலார் ஒருவர் சொன்ன ஆலோசனையினால் ஆறு நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்த ஒரு கைக்குழந்தையின் அடக்க ஆராதனையில் நான் நின்றிருக்கிறேன். அந்தச் சிறிய பெட்டியைத் தூக்க ஒரே ஒரு மனிதன் போதுமாயிருந்தது. அந்தத் தாயைக் குற்றப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அவள் விசுவாசித்தாள். அவளுடைய விசுவாசத்தை வழிநடத்த வேண்டியவர்கள் அவளுக்குப் பாதி வேதத்தைத்தான் கொடுத்திருந்தார்கள்.

வேதம் சொல்லும் முழு ஆலோசனை

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனங்கள். இயேசு கிறிஸ்து இன்றும் சுகமாக்குகிறார் என்பதை நான் முப்பது வருட ஊழியத்தில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்; அதில் எள்ளளவும் பின்வாங்கேன். ஆனால் சுகமளிக்கும் தேவன் விசாரணையை வெறுக்கிற தேவன் அல்ல.

லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். தோலில் தழும்பு கண்டவனை ஆசாரியன் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்க்க வேண்டும். ஆழத்தைப் பார்க்க வேண்டும். நிச்சயமில்லாவிட்டால் ஏழு நாள் வைத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்பொழுதும் நிச்சயமில்லாவிட்டால் இன்னும் ஏழு நாள். பார்த்தவுடன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆசாரியனுக்கு அதிகாரம் இல்லை. நோயைத் திட்டமாய் அறிவதற்குத் தேவனே ஒழுங்குமுறை வகுத்துக் கொடுத்தார். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுப்பதாகத் தேவன் வாக்குப்பண்ணின பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். மரித்தோரையும் எழுப்பின தேவவல்லமை விளங்கின பவுலின் அருகிலே வைத்தியனாகிய லூக்கா இருந்தான். அதே பவுல் துரோப்பீமுவை நோயுற்றவனாக மிலேத்துவில் விட்டுவர நேர்ந்தது. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு ஒரு கைம்மருந்தும் எழுதி அனுப்பினார்.

ஆகவே ஜெபமா, சோதனையா என்கிற கேள்வியே பிழையானது. ஜெபம் தேவனை நோக்கிப் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கிறது. சோதனை, தேவன் கொடுத்த அறிவைக்கொண்டு சத்துரு எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடுகிறது. தேசத்தை வேவுபார்க்க ஆட்களை அனுப்பினதினால் யோசுவா அவிசுவாசியாகவில்லையே!

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, நாளைக் குறித்துவையுங்கள். காய்ச்சல் எந்த நாளில், எந்த வேளையில் தொடங்கிற்று என்று எழுதிவையுங்கள். மருத்துவர் எந்தச் சோதனையைத் தெரிந்துகொள்வது என்பது அதைப் பொறுத்தது. எலிக்காய்ச்சலில் முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருப்பதால் அப்போது பி.சி.ஆர். சோதனை பயன்படும். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருளைத் தேடும் சோதனையோ முதல் சில நாட்களில் ஒன்றும் காட்டாமல் போகக்கூடும். டைபாய்டுக்குச் செய்யப்படும் வைடால் சோதனையை மாத்திரம் நம்பி முடிவு செய்வதும் நல்லதல்ல.

இரண்டாவது, ஆபத்தின் அடையாளங்களை அறிந்திருங்கள். பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், வேகமான மூச்சு, கை கால் சில்லிட்டுப்போதல், சிறுநீர் குறைதல், வலிப்பு, அழுத்தினாலும் மறையாத சிவந்த புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் அவசரமே. பச்சிளங்குழந்தையின் உடல் வழக்கத்திற்கு மாறாகக் குளிர்ந்துபோனாலும் அது காய்ச்சலுக்குச் சமமான எச்சரிப்பு.

மூன்றாவது, முன்பு மீந்துபோன ஆன்டிபயாடிக் மருந்தையும், கடைக்காரர் தாமாக எடுத்துக் கொடுக்கும் மருந்தையும் கொடுக்காதீர்கள். அது கிருமியை முற்றிலும் கொல்லாமல் பாதியில் ஒடுக்கிவிடும். புட்டியில் கிருமி வளராமல் போய், மருத்துவர் இருட்டில் தடவ நேரிடும். ஏதேனும் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

நான்காவது, இரத்தம் எடுப்பதைத் தடுக்காதீர்கள். இவ்வளவு சிறிய உடலிலிருந்து இத்தனை இரத்தமா என்று தாய்மார்கள் கலங்குகிறார்கள். கைக்குழந்தைக்கு எடுப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லி மாத்திரமே. அதையும் குறைத்தால் அதில் கிருமி அகப்படாமல் போகலாம். கூடுமானால் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னே எடுப்பது நலம். ஆனால் பிள்ளை மிகவும் சோர்ந்திருந்தால் சோதனைக்காக மருந்தைத் தாமதிக்க மாட்டார்கள். செப்சிஸினால் அதிர்ச்சி நிலையில் உள்ள பிள்ளைக்கு ஒரு மணி நேரத்திற்குள் மருந்து தொடங்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுகிறது. முடிவு வந்தபின் மருந்தை மாற்றினால், முன்பு கொடுத்தது தவறு என்று மருத்துவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். தெரியாத வேளையில் பலவற்றை அடக்கும் மருந்து; தெரிந்தபின் அதற்கேற்ற மருந்து. இதுவே ஒழுங்கு.

ஐந்தாவது, கிருமி வளரவில்லை என்று முடிவு வந்தால் நோயே இல்லை என்று எண்ணி வீட்டுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். டைபாய்டு உள்ளவர்களிலும் ஐந்தில் இரண்டு பேருக்குப் புட்டியில் கிருமி வளராமல் போகக்கூடும். எலிக்காய்ச்சல் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். வழக்கமான புட்டியில் அது அகப்படுவதில்லை. மருத்துவர் பிள்ளையையும் பார்க்கிறார், தாளையும் பார்க்கிறார். சொன்ன நாள்வரை மருந்தை முடியுங்கள்.

ஆறாவது, தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். இரத்தத்தையும் மூளைச்சவ்வையும் தாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலாவது அரசுத் திட்டத்தில் தொடங்கப்பட்டது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. டைபாய்டுக்கும் குழந்தைகளுக்கு ஏற்ற தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

சபைக்கு ஒரு வேண்டுகோள்

போதகர்களே, மூப்பர்களே, இந்தக் காரியத்தில் சபை செய்யக்கூடியது அதிகம். ஊருக்குப் புதிதாய் வந்த தாய்க்கு மருத்துவமனையில் எந்த வாசலில் நுழைவது என்று தெரியாது. மருத்துவர் இந்தியில் எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்று கேட்டால், அவள் தலையை மட்டும் அசைப்பாள். அந்த ஒரு பதில் தவறிப்போனால் ஒரு நாள் சிகிச்சை தவறிப்போகலாம். அந்த ஊரின் மொழி அறிந்த சகோதரிகள் இருவரை நியமித்து, நள்ளிரவிலும் அழைக்கத்தக்கதாக அவர்களுடைய தொலைபேசி எண்ணைச் சபையாருக்குக் கொடுங்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தயங்குகிற தகப்பனுக்குச் சபையின் தர்மப் பணத்திலிருந்து அந்தக் கூலியைக் கொடுங்கள். சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு நிற்கவில்லை; தன் வாகனத்தில் ஏற்றினான்; சத்திரத்திற்குப் பணமும் கொடுத்தான்.

மேடையிலிருந்து ஜெபிக்கும்போது, மருந்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தை நம் வாயிலிருந்து ஒருபோதும் புறப்படாதிருப்பதாக. தேவன் சுகமாக்கியிருந்தால் மருத்துவர் பார்த்து அறிவிக்கட்டும். அது சாட்சியாய் விளங்கும். ஜெபிக்கப் போகிற வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ஆமென் சொன்னவுடன் எத்தனையாவது நாள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியும் மேய்ப்பனுடைய வேலைதான்.

இதை வாசிக்கும் வேளையில் உங்கள் மடியில் ஜுரத்தோடு ஒரு பிள்ளை படுத்திருக்குமானால், இந்தப் பத்திரிகையை மூடிவையுங்கள். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சுருக்கமாய் ஜெபியுங்கள். பின்பு செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். உங்களுக்கு முன்னே கர்த்தர் போகிறார்.

சிறு பிள்ளைகளைத் தம்மிடத்தில் சேர்த்து அணைத்துக்கொண்ட நல்ல கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளைக் காத்து, மருத்துவர்களின் கைகளையும் ஆய்வுக்கூடத்தில் கண்விழித்திருப்பவர்களின் கண்களையும் ஆசீர்வதித்து, உங்கள் குடும்பங்களைச் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன், ஹேடோவிலிருந்து ஒரு போதகர்